ஐபோன் 15: டைப்-சி வந்தது சரி, வேகம் எங்கே?

குறுக்குத்துறை | அக்டோபர் 8, 2023, காலை 7.12

பக்கத்து இழையில் நண்பர் ஒத்தக்கடை நேற்று ராத்திரி எழுதியது இது: "ஐபோன் 15 வாங்கினால் இனி வீட்டில் ஒரே கேபிள், ஆண்ட்ராய்டு வேகம். ஆப்பிளின் பழைய லைட்னிங் கேபிளைத் தூக்கிப் போடலாம்."

ஒரே கேபிள், சரி. தூக்கிப் போடுவது உங்கள் இஷ்டம். நடுவில் செருகியிருக்கிறீர்களே ஒரு "வேகம்", அது எங்கிருந்து வந்தது? 15, 15 ப்ளஸ் இரண்டிலும் இருப்பது யுஎஸ்பி 2. கேபிள் வழியாகப் படம், வீடியோ மாற்றும் வேகம் நொடிக்கு 480 மெகாபிட். 2012-ல் ஐபோன் 5-உடன் வந்த லைட்னிங்கும் இதே 480 தான். யுஎஸ்பி 2 என்பதே 2000-ல் வந்த சங்கதி. வாசலை இடித்து அகலமாகக் கட்டிவிட்டு உள்ளே அதே முடுக்குச் சந்தை விட்டுவைத்திருக்கிறார்கள். இதற்கு 79,900 ரூபாய், இதற்கு ஒரு பாராட்டு விழா!

ஒத்தக்கடை | காலை 7.40

அண்ணாச்சி, காபி உள்ளே போவதற்குள் என் பெயரை இழுத்தாயிற்றா? நல்லது. நான் சொன்னது சார்ஜ் வேகம். புரியாதவர்களுக்கு நான் பொறுப்பில்லை.

குறுக்குத்துறை | காலை 7.46

சார்ஜ் வேகமா? 20 வாட் அடாப்டர் போட்டால் அரை மணியில் பாதி ஏறும் என்கிறது ஆப்பிள். 14-க்கும் இதே வரியைத்தான் எழுதியிருந்தார்கள். அந்த அடாப்டரும் 2020-ல் ஐபோன் 12 வந்ததிலிருந்து பெட்டியில் கிடையாது. ஆக, எந்த வேகத்தைச் சொன்னீர்கள் என்பதை இன்று சாயங்காலத்துக்குள் முடிவு செய்துவிட்டுச் சொல்லுங்கள். 480 எங்கேயும் ஓடிப்போகாது.

மாம்பலம் ரயிலடி | காலை 8.05

எனக்கு ஒரு சந்தேகம். போனில் கேபிள் போட்டு இந்தக் காலத்தில் யார் சார் படம் ஏற்றுகிறார்கள்? என் பேரன் எல்லாவற்றையும் காற்றிலேயே அனுப்புகிறான்.

ஒத்தக்கடை | காலை 8.09

பெரியவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். ஒரு ஆப்பிள் கருவியிலிருந்து இன்னொன்றுக்குக் கேபிள் இல்லாமல் அனுப்ப ஏர்டிராப் என்று ஒன்று இருக்கிறது அண்ணாச்சி. டைப்-சி வந்ததால் ஏர்பாட்ஸையும் கைக்கடிகாரத்தையும் போனிலிருந்தே சார்ஜ் போடலாம், டிவியில் செருகினால் 4கே-யில் படம் வரும். 48 மெகாபிக்சல் கேமரா ப்ரோ இல்லாத மாடலுக்கு முதல் தடவையாக வந்திருக்கிறது. திரையின் மேலே அறிவிப்பு காட்டும் டைனமிக் ஐலண்ட் வந்திருக்கிறது. இத்தனையும் விட்டுவிட்டு ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்க்கிறவரை என்ன செய்வது?

குறுக்குத்துறை | காலை 8.21

ஏர்டிராப்பை விண்டோஸ் கணினிக்கு அனுப்பிக் காட்டுங்கள், நான் இந்த இழையையே அழித்துவிடுகிறேன். கேமராவைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. 48 மெகாபிக்சலில் எடுத்த படத்தை வெளியே கொண்டுவரும் வழியைத்தான் கேட்கிறேன். 480.

பாதி சார்ஜ் | காலை 8.30

480 எம்பி வேகம் குறைச்சலா? ஒரு ஜிபி படம் இரண்டு நொடியில் ஏறிவிடுமே. எதற்கு இந்தக் கூப்பாடு?

கோலப்பொடி | காலை 8.34

சார், அது மெகாபிட். மெகாபைட் கிடையாது. எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். எட்டால் வகுங்கள், 60 மெகாபைட் வரும். அதுவும் காகிதத்தில்தான். கையில் கிடைப்பது இன்னும் குறையும்.

பாதி சார்ஜ் | காலை 8.41

மேடம், ஆப்பிள் தளத்தில் 480 எம்பி என்றுதான் போட்டிருக்கிறது. என் கண்ணால் பார்த்தேன். வகுக்கச் சொல்லி எங்கேயும் போடவில்லை.

குறுக்குத்துறை | காலை 9.02

பாதி சார்ஜ் தம்பியை அப்புறம் கவனிப்போம்.

"பழைய சிப், அதனால் வேகம் கொடுக்க முடியவில்லை" என்று யாராவது சப்பைக்கட்டு கட்ட வருவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். 15-ல் இருப்பது போன வருஷத்து 14 ப்ரோவின் ஏ16 சிப். 15 ப்ரோவில் இருக்கும் 'ஏ17 ப்ரோ' சிப்பில்தான் யுஎஸ்பி 3-க்கான கட்டுப்பாட்டுப் பகுதி சேர்த்திருக்கிறார்கள், அதனால் அங்கே 10 ஜிகாபிட். மேடையில் அவர்களே சொன்னது. கேட்க நியாயமாகத்தான் இருக்கும்.

ஆனால் 2020-ல் வந்த ஐபேட் ஏரைப் பாருங்கள். ஏ14 சிப், டைப்-சி, 5 ஜிகாபிட். 2021 ஐபேட் மினி, ஏ15 சிப், அதிலும் 5 ஜிகாபிட். அப்புறம் 2022-ல் விலை குறைந்த பத்தாம் தலைமுறை ஐபேட் வந்தது. அதே ஏ14, அதே டைப்-சி, வேகம் மட்டும் 480. ஒரே சிப். ஏருக்குப் பந்தியில் இலை, சாதா ஐபேடுக்குத் திண்ணையில் பொட்டலம். 2020-லேயே கொடுத்த சாமானை 2023-ல் 79,900 ரூபாய் போனுக்குக் கொடுக்க முடியாதாம். முடியாமல் இல்லை, மனசில்லை. கொடுத்துவிட்டால் 1,34,900-க்கு ப்ரோவை யார் வாங்குவார்கள்?

ஒத்தக்கடை | காலை 9.15

ஐபேட் கதை யார் கேட்டார்கள்? போனைப் பற்றிப் பேசுங்கள். ஒன்பிளஸ் 11, இந்த வருஷம் பிப்ரவரியில் 56,999-க்கு வந்தது. அதிலும் யுஎஸ்பி 2 தான். அதற்கு இழை போட்டீர்களா? கண்ணில் படாது. ஆப்பிள் என்றால் மட்டும் உடம்பெல்லாம் எரியும்.

குறுக்குத்துறை | காலை 9.19

அதாவது நீங்கள் சொன்ன "ஆண்ட்ராய்டு வேகம்" என்பது யுஎஸ்பி 2 என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். நன்றி.

ஒத்தக்கடை | காலை 9.20

ஒப்புக்கொள்ளவில்லை. வார்த்தையைத் திருகாதீர்கள்.

முகூர்த்தக்கால் | காலை 10.48

நான் கல்யாண வீடியோ எடுக்கிறவன். ரீல்ஸுக்கு மட்டும் போன். 4கே-யில் 60 ஃபிரேம் வைத்தால் நிமிஷத்துக்கு 400 எம்பி பிடிக்கும், போனின் செட்டிங்ஸிலேயே போட்டிருக்கிறது. ஒரு மணி நேரம் எடுத்தால் 24 ஜிபி. முகூர்த்தம் முடிந்ததும் மணமேடைக்குப் பின்னால், வாழைத்தாருக்கும் ஜெனரேட்டர் வயருக்கும் நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியில் லேப்டாப்பை வைத்துக் கேபிளைச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பெண்ணோட தம்பி கையில் வெற்றிலையோடு வந்து வந்து எட்டிப் பார்ப்பான்: "அண்ணே, தாலி கட்டுற கிளிப் வந்துருச்சா? ஸ்டேட்டஸ் வைக்கணும்." யுஎஸ்பி 2-ல் நடைமுறையில் நொடிக்கு 35, 40 எம்பி வந்தால் பெரிசு. முழுசா ஏற பத்து நிமிஷத்துக்குக் குறையாது. அதற்குள் முதல் பந்தி எழுந்துவிடும்.

எனக்கு 15 போதுமா, ப்ரோவுக்குப் போகவேண்டுமா? சண்டை போடாமல் யாராவது சொல்லுங்கள்.

குறுக்குத்துறை | காலை 10.55

எல்லோரும் இதை நன்றாகப் படியுங்கள். கேபிள் யார் போடுகிறார்கள் என்று கேட்டாரே மாம்பலம், இதோ உழைத்துச் சாப்பிடுகிற மனிதர் வந்து நிற்கிறார். பத்து நிமிஷம்! யாரால்? 480-ஆல்.

இன்னொன்றும் சொல்கிறேன். ப்ரோ வாங்கினாலும் பெட்டிக்குள் வைத்திருக்கும் அந்தப் பின்னல் கேபிள் யுஎஸ்பி 2 தான். 1,34,900 கொடுத்துவிட்டு, 10 ஜிகாபிட் வேண்டுமென்றால் தனியாக யுஎஸ்பி 3 கேபிள் வாங்கவேண்டும். போனில் இருக்கும் வேகம் பெட்டியில் கிடையாது.

பாதி சார்ஜ் | காலை 11.01

24 ஜிபி-யை 480-ஆல் வகுத்தால் 50 நொடி. அந்தத் தம்பி லேப்டாப்தான் மட்டம்.

கோலப்பொடி | காலை 11.04

கடவுளே.

ஒத்தக்கடை | காலை 11.10

முகூர்த்தக்கால் அண்ணே, பத்து நிமிஷம் பொறுக்க முடியாத பெண்ணின் தம்பிக்காக 55,000 அதிகம் கொடுக்கவேண்டுமா? சும்மா ஊதிப் பெரிசாக்குகிறார்கள். 15 தாராளமாகப் போதும். கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள்.

குறுக்குத்துறை | காலை 11.12

கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்கவேண்டும்.

புதூர்க்காரன் | பகல் 12.20

காலையிலிருந்து பார்க்கிறேன், எல்லோரும் நொட்டை சொல்கிறீர்கள். விற்பனை தொடங்கிய செப்டம்பர் 22 அன்றே இந்தியாவில் செய்த 15 கடைக்கு வந்துவிட்டது. எங்கே செய்தது? நம்ம ஸ்ரீபெரும்புதூர் பக்கம். முன்பெல்லாம் புது மாடல் உலகமெல்லாம் விற்றுத் தீர்ந்த பிறகுதான் இங்கே பூட்டுவார்கள். எங்கள் ஊர்ப் பெண்கள் கை பட்ட போன் இது. அதைக் கொஞ்சம் பேசுங்களேன்.

மாம்பலம் ரயிலடி | பகல் 12.31

பெருமைதான் தம்பி. அப்படியானால் விலை ஏன் குறையவில்லை? அமெரிக்காவில் 799 டாலர். நம் ஊரிலேயே செய்து நமக்கே 79,900-க்கு விற்கிறார்கள். அநியாயமாக இல்லை?

கோலப்பொடி | பகல் 12.44

சார், இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். டாலர் 83 ரூபாய் என்று வையுங்கள். 799 டாலர் 66,317 ஆகிறது. அமெரிக்க விலையில் வரி சேராது, நம் விலையில் 18 சதவீதம் ஜிஎஸ்டி உள்ளே இருக்கிறது. அதைச் சேர்த்தால் 78,254. ஆக 79,900 என்பது கொள்ளை விலை இல்லை.

கொள்ளை ப்ரோவில்தான். 999 டாலர், 82,917 ரூபாய். அது இங்கே செய்யப்படுவதில்லை, இறக்குமதி. 20 சதவீதச் சுங்கவரி, அதன்மேல் கூடுதல் வரி, அப்புறம் ஜிஎஸ்டி என்று எல்லாம் போட்டாலும் 1,20,000-ஐத் தொடவில்லை. விற்பது 1,34,900. மீதி யார் பைக்குப் போகிறது என்று கேளுங்கள், நியாயம் இருக்கிறது.

குறுக்குத்துறை | பகல் 12.50

அருமையான கணக்கு. 78,254 ரூபாய்க்கும் 480 தான், 79,900-க்கும் 480 தான்.

ரெண்டாம் கை | பகல் 1.15

துபாயில் ப்ரோ 4,299 திர்ஹாம். நம் பணத்தில் 97,000 சொச்சம். மச்சான் தீபாவளிக்கு வருகிறான். புத்திசாலிக்கு இது போதும். அமெரிக்காவிலிருந்து மட்டும் வாங்கி வரச் சொல்லாதீர்கள், 14-லிருந்து அங்கே விற்கும் போனில் சிம் தட்டே கிடையாது. பழைய போனைக் கடையில் எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுப்பதும் வீண். எங்கள் ஊர்க் கடைக்காரர் ஒருத்தர் என் போனில் நகக்கீறல் அளவு கோட்டைப் பார்த்துவிட்டு மூவாயிரம் குறைத்தார். நேரடியாக விற்றுவிடுங்கள்.

புதூர்க்காரன் | பகல் 1.22

நம்ம ஊரில் செய்கிறார்கள் என்று பெருமையாகச் சொல்கிறேன், இவர் துபாய்க்கு டிக்கெட் போடுகிறார்.

ஒத்தக்கடை | பகல் 1.30

பெருமை எல்லாம் சரி தம்பி. 2021 டிசம்பரில் அந்தத் தொழிற்சாலை விடுதிச் சாப்பாட்டில் விஷமாகி அந்தப் பெண்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்களே, அப்போது இங்கே எத்தனை பேர் இழை போட்டீர்கள்?

புதூர்க்காரன் | பகல் 1.33

நான் போட்டேன். தேடிப் பாருங்கள். மூன்று பேர் பதில் எழுதினார்கள், அதில் ஒருவர் "ஐபோன் 13 எப்போது விலை குறையும்" என்று கேட்டிருந்தார். அந்த ஒருவர் நீங்கள்.

மாம்பலம் ரயிலடி | பகல் 1.50

ப்ரோ அடுப்பு மாதிரி சுடுகிறதாமே? பேப்பரில் போட்டிருந்தான்.

கோலப்பொடி | பகல் 1.58

போனின் மென்பொருளான ஐஓஎஸ் 17-ல் ஒரு பிழை, அதோடு இன்ஸ்டாகிராம், ஊபர் போல சில செயலிகள் என்று ஆப்பிளே சொல்லிவிட்டது. அதற்கான திருத்தம் 17.0.3 இந்த வாரம்தான் வந்தது. போட்டுவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

குறுக்குத்துறை | பகல் 2.10

சூடு, துபாய், சுங்கவரி எல்லாம் பேசியாயிற்றா? என் கேள்விக்கு வருவோமா?

ஐரோப்பிய ஒன்றியம் போன வருஷம் சட்டம் போட்டது. 2024 டிசம்பர் 28-க்குப் பிறகு அங்கே விற்கும் போன் எல்லாம் டைப்-சி. அதற்குப் பயந்துதான் இந்த மாற்றம், நம் மேல் பாசத்தால் இல்லை. அந்தச் சட்டம் சார்ஜைப் பற்றிப் பேசுகிறதே தவிர, படம் ஏற்றும் வேகத்தைக் கட்டாயப்படுத்தவில்லை. சட்டம் கேட்டதை மட்டும் கொடுத்துவிட்டு மிச்சத்தை ப்ரோவுக்கு ஒதுக்கிவிட்டார்கள். நான் காலை ஏழு மணிக்குச் சொன்னதும் இதுதான். ஒரு ஆள் பதில் சொல்லவில்லை.

ஒத்தக்கடை | பகல் 2.24

பதில் சொல்லத் தேவையில்லை. போன செப்டம்பரில் இதே இடத்தில் "13-லும் ஏ15, 14-லும் ஏ15, 14 வாங்குகிறவன் முட்டாள்" என்று நாலு பக்கத்துக்கு எழுதினீர்கள். டிசம்பரில் என்ன வாங்கினீர்கள் அண்ணாச்சி? நீலக் கலர், 14. படத்தைக்கூட இங்கேதான் போட்டீர்கள்.

குறுக்குத்துறை | பகல் 2.31

அது மகளுக்கு வாங்கியது. கல்லூரியில் சேர்ந்தாள்.

ஒத்தக்கடை | பகல் 2.32

மகளுக்கு வாங்கினால் ஏ15 ஏ16 ஆகிவிடுமா?

குறுக்குத்துறை | பகல் 2.38

வீட்டு விஷயத்தை இழுப்பவரிடம் எனக்குப் பேச்சில்லை. ஆனால் ஒன்று. மகள் போனிலும் 480. உங்கள் புதுப் போனிலும் 480. ஒரு வருஷம் பொறுத்து வாங்கியதற்கு என்ன கிடைத்தது என்று கேட்டால் கோபம் வருகிறது.

ஒத்தக்கடை | பகல் 2.40

கோபம் யாருக்கு? இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, காலையிலிருந்து பதினைந்து பதிவு போட்டது நானா?

குறுக்குத்துறை | பகல் 2.41

எண்ணிப் பாருங்கள், பதினொன்றுதான் வரும். கணக்கும் வராது, வேகமும் தெரியாது.

முகூர்த்தக்கால் | பகல் 3.05

அண்ணே, நான் கேட்டது...

பாதி சார்ஜ் | பகல் 3.09

தம்பி, லேப்டாப்பை மாற்றுங்கள். 50 நொடி.