கதிர்வீச்சு ஆய்வுக்கு எந்தச் சுண்டெலி?

புதுச்சேரி மாணவி: வணக்கம். முழு உடல் கதிர்வீச்சுக்குப் பின் எலும்பு மஜ்ஜை மீள்வதை ஆராய, பால்ப்-சி, சி57 கருப்பு ஆகிய இரண்டில் எந்தச் சுண்டெலி வகை பொருந்தும்?

கடலூர் வாசகர்: பால்ப்-சி வகையில் டிஎன்ஏவின் ஈரிழை முறிவைச் சரிசெய்யும் புரதம் குறைவாக இருப்பதால், சி57 தாங்கும் அளவிலேயே அது மடிந்துவிடக்கூடும், ஆகவே சி57 வகையையே எடுங்கள், அம்மா.

மாணவி: நன்றி ஐயா. அந்த அளவை மனிதருக்கு அப்படியே கொள்ளலாமா?

மற்றொருவர்: கூடாது. சிகிச்சையின்றிப் பாதிப் பேரைக் கொல்லும் அளவு மனிதருக்கு ஏறத்தாழ 4 கிரே (உடல் ஏற்கும் கதிர்வீச்சின் அலகு). சி57க்கு ஏறக்குறைய அதன் இருமடங்கு. கதிர்வீச்சுக்குப் பின் சுண்டெலி 30 நாள், மனிதர் 60 நாள் உயிரோடு இருக்கிறாரா என்பதே உயிர்பிழைப்புக் கணக்கு. ஆனால் உரோமம் சிலிர்த்து, முதுகு கூனி, கூண்டின் மூலையில் ஒடுங்கிக் கிடக்கும் சுண்டெலியைக் கண்டால், முப்பதாம் நாளுக்குக் காத்திராமல், நெறிமுறைக் குழு ஒப்புக்கொண்ட வழியில் அதன் வேதனையை முடித்துவிடுங்கள்.