புதுப்பிப்பு: முழங்கால் காயமும் ஏறிய எடையும்

முழங்கால் ஜவ்வு கிழிந்து ஓட்டத்தை நிறுத்தியதில் 6 கிலோ ஏறிவிட்டது, என்ன செய்யலாம் என்று மூன்று மாதம் முன்பு கேட்டிருந்தேன். இப்போது 4 கிலோ குறைந்திருக்கிறது. பெரும்பாலும் சாப்பாட்டைக் குறைத்ததால்தான். ஓடிய நாட்களின் அளவையே உட்கார்ந்துகொண்டும் சாப்பிட்டிருக்கிறேன்!

உடற்பயிற்சி சைக்கிளில் முதல் வாரம் வலித்தது. இருக்கை தாழ்ந்திருந்தால் முழங்கால் அதிகம் மடங்குமாம். உயர்த்தியதும் சரியாகிவிட்டது. குளத்தில் மார்பளவு நீரில் நடக்கச் சொன்னவருக்கு நன்றி. உடல் எடையில் பெரும்பகுதியை நீரே தாங்கிக்கொள்கிறது. தவளை நீச்சலை மட்டும் பிசியோதெரபிஸ்ட் வேண்டாம் என்றார், அந்த உதையில் மூட்டு முறுகும். அப்புறம், படுத்தபடி காலை நீட்டித் தூக்கும் பயிற்சி: சலிப்பானது, ஆனால் மெலிந்த தொடைத் தசை தேறியது அதனால்தான்.

ஓட்டம்? இன்னும் இல்லை.