பச்சைக் குழந்தைக்குத் தொப்பி பின்ன எந்த நூல் நல்லது?

எல்லோருக்கும் வணக்கம். மன்னார்குடிக்காரி. தை பிறந்ததும் எங்கள் அண்ணி பிள்ளை பெறப்போகிறார். அரையாண்டு விடுமுறையில் பள்ளிக்கூடம் இல்லை, அதனால் கையாலேயே ஒரு தொப்பி, காலுறை, சின்னப் போர்வை பின்னிக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். இரட்டை ஊசிப் பின்னலும் குரோஷாவும் ஓரளவு வரும்.

குழப்பம் நூலில்தான். தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். ஆனால் பங்குனி வந்தால் நம் ஊர் வெயிலில் அக்ரிலிக் என்ற செயற்கை நூல் உடம்புக்கு ஒத்தே வராது, வியர்க்கும். தொப்பிக்கு மட்டும் உல்லன், மற்றதற்குப் பருத்தி நூல் என்று வைத்துக்கொள்ளலாமா? தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் மெத்தென்ற பருத்திப் பின்னல் நூல் எங்கே கிடைக்கும்? இங்கே கேட்டால் பூ வேலைக்கான மெல்லிய நூலைத்தான் எடுத்துப் போடுகிறார்கள்.

பிறந்த குழந்தையின் தலைச்சுற்றளவு சுமார் 35 செ.மீ. தொப்பி இழுபடும் என்பதால் எவ்வளவு குறைத்துப் பின்னுவீர்கள்? 4 மி.மீ. ஊசிக்கு எத்தனை கண்ணி போடலாம்?

அப்புறம் போர்வை. ஓட்டை ஓட்டையான டிசைன் அழகுதான், விரல் மாட்டிக்கொள்ளுமே! இடைவெளி இல்லாத, சலிப்பும் தட்டாத பின்னல் தெரிந்தால் சொல்லுங்கள். பொத்தான், மணி எதுவும் வைக்கப்போவதில்லை, அத்தை எவ்வளவு கேட்டாலும்.