ஹெலிக்கல் கியர் ஜோடி: லோடு ஏறினால் ஊளை, பல்லடியில் பளபளப்புக் கோடு. தவறு எங்கே?

கேள்வி

வணக்கம். பழைய கியர்பாக்ஸ் ஒன்றில் ஹெலிக்கல் (சாய்ந்த பல்) ஜோடியில், பினியனின் (சின்ன கியரின்) இரண்டு பற்கள் உடைந்துவிட்டன. டிராயிங் கிடையாது. அதனால் பழைய ஜோடியை அளந்து, இரண்டையும் புதிதாகச் செய்யவைத்தோம். 22 கிலோவாட் மோட்டார், 1440 ஆர்பிஎம். பினியனுக்கு 19 பல், வீலுக்கு (பெரிய கியருக்கு) 61 பல், மாட்யூல் (பல்லின் பருமனைச் சொல்லும் எண்) 4, அழுத்தக் கோணம் 20 டிகிரி, பல் அகலம் 60 மி.மீ. சாய்வுக் கோணம் 15 டிகிரி. கேஸ் ஹார்டனிங் (மேற்பரப்பை மட்டும் கடினமாக்குவது) செய்து பல்லை கிரைண்ட் செய்தது.

மாட்டும்போதே இறுகிவிட்டது, கையால் சுற்ற முடியவில்லை. செய்தவர்கள் திரும்ப வாங்கிப் பல்லின் இரு பக்கமும் இன்னும் கொஞ்சம் கிரைண்ட் செய்து கொடுத்தார்கள். இப்போது சுற்றுகிறது. ஆனால் லோடு ஏறியதும் ஊளையிடுகிறது. போனில் ஒரு ஸ்பெக்ட்ரம் ஆப் வைத்துப் பார்த்தால் 456 ஹெர்ட்ஸில் பெரிய உச்சம், 912-இல் இன்னொன்று. எண்ணெயும் வழக்கத்தைவிடச் சூடாகிறது. நாலு மணி நேரம் ஓட்டித் திறந்து பார்த்தேன். பினியனின் பல்லடியில் நூல் பிடித்தாற்போல ஒரு பளபளப்புக் கோடு. பேரிங்கை மாற்றிப் பார்க்கலாமா?

பதில் 1

பேரிங்கில் கை வைக்காதீர்கள். 1440-ஐ 60-ஆல் வகுத்தால் 24, அதை 19-ஆல் பெருக்கினால் 456. பல்லோடு பல் சேரும் சத்தம்தான் அது. இரண்டு தண்டும் இணையாக இல்லை என்பது என் சந்தேகம். பல்லில் புளூ (உரசும் இடத்தைக் காட்டும் நீலச் சாயம்) தடவி, லேசான பிரேக் கொடுத்துக் கையால் சுற்றி, பதிவு எங்கே விழுகிறது என்று சொல்லுங்கள்.

கேட்டவர்

பார்த்துவிட்டேன். அகலவாக்கில் 60 மி.மீ.யில் ஏறக்குறைய முழுவதும் ஒரே சீராக விழுகிறது. ஆனால் பினியனில் பதிவு முழுக்கக் கீழே, பல்லடிப் பக்கம் இறங்கியிருக்கிறது. வீலில் பல் முனையை ஒட்டி.

பதில் 2

அப்படியென்றால் தண்டுகள் சரியாகத்தான் இருக்கின்றன. இணை தவறியிருந்தால் பதிவு ஒரு ஓரத்தில் ஒதுங்கியிருக்கும். உயரவாக்கில் தவறினால் சென்டர் டிஸ்டன்ஸையும் (இரண்டு தண்டின் மையங்களுக்கு இடையிலான தூரம்) பல்லின் உருவத்தையும்தான் பார்க்க வேண்டும். மூன்று விஷயம் சொல்லுங்கள். கேசிங்கில் சென்டர் டிஸ்டன்ஸ் எவ்வளவு? 15 டிகிரியை எப்படி அளந்தீர்கள்? பிறகு, மென்மையான ஈயக் கம்பி ஒன்றை இரண்டு கியருக்கும் நடுவே விட்டுச் சுற்றி, பல் முனைக்கும் எதிர்ப் பல்லடிக்கும் இடையில் அது எவ்வளவு தடிமனாக நசுங்குகிறது என்று மைக்ரோமீட்டரில் பாருங்கள்.

கேட்டவர்

சென்டர் 165.00. ஈயக் கம்பி 0.35 முதல் 0.37 வரை.

கோணத்துக்கு, பழைய கியரின் பல் முனைகளில் மை தடவி, ஸ்கேல் ஓரமாக வெள்ளைத் தாளில் உருட்டினோம். சாய்ந்த கோடுகள் விழுந்தன, அவற்றைப் புரோட்ராக்டரில் அளந்தோம். பினியனில் 15.5, வீலில் 14.6 வந்தது. கை நடுக்கம் என்று நினைத்து, நடுவில் 15 என்று எடுத்துக்கொண்டோம். பழைய வெளி விட்டம் பினியனுக்கு 86.35, வீலுக்கு 259.6.

பதில் 2

உங்கள் கை நடுங்கவில்லை, இரண்டு அளவும் சரியானவை. தாளில் விழுவது பல் முனையில் இருக்கும் கோணம். டிராயிங்கில் போடுவது பிட்ச் விட்டத்தில் (பல் முனைக்கும் அடிக்கும் நடுவே உள்ள வட்டத்தின் விட்டத்தில்) இருக்கும் கோணம். விட்டம் கூடக் கூட கோணமும் கூடும். சின்னப் பினியனில் முனை விட்டத்துக்கும் பிட்ச் விட்டத்துக்கும் விகித வித்தியாசம் அதிகம், அதனால் அங்கே 15.5. பெரிய வீலில் குறைவு, அதனால் 14.6. சராசரி எடுத்தது தப்பு.

மாறாமல் இருப்பது லீட், அதாவது பல் ஒரு முழுச் சுற்று சுற்ற எவ்வளவு நீளம் வேண்டும் என்பது. பினியனுக்கு: வெளி விட்டத்தின் சுற்றளவை 15.5-இன் டேன்ஜென்ட்டால் வகுத்தால் லீட் சுமார் 978 மி.மீ. பையை (π) மாட்யூலாலும் பல் எண்ணிக்கையாலும் பெருக்கி, அந்த லீட்டால் வகுத்தால் பிட்ச் கோணத்தின் சைன் கிடைக்கும். 14.1 டிகிரி. வீலுக்கும் இதையே போட்டேன், 14.2 வந்தது.

இப்போது வேறு வழியில் பாருங்கள். மொத்தப் பல் 80. அதை மாட்யூல் 4-ஆல் பெருக்கி இரண்டால் வகுத்தால் 160. 160-ஐ 165-ஆல் வகுத்தால் கோசைன் 0.9697, கோணம் 14.14 டிகிரி. மையும் தாளும் சொன்னதைக் கேசிங்கும் சொல்கிறது. அந்தக் கோணத்தில் வெளி விட்டங்கள் 86.37-ம் 259.62-ம் வரும். நீங்கள் அளந்ததும் அதுதான், ஆகவே பழைய ஜோடியில் புரொஃபைல் ஷிஃப்ட் (வெட்டும் கருவியை உள்ளேயோ வெளியேயோ நகர்த்திப் பல் வெட்டுவது) இல்லை என்றே எடுத்துக்கொள்ளலாம்.

15 டிகிரியில் செய்த ஜோடிக்கு வேண்டிய சென்டர் 165.64. கேசிங்கில் இருப்பது 165. இறுகாமல் என்ன செய்யும்? பக்கங்களைச் சீவியதால் பேக்லாஷ் (பற்களின் பக்கவாட்டு இடைவெளி) கிடைத்தது, ஆனால் பல்லடி ஆழமாகவில்லை. 1 மி.மீ. இருக்க வேண்டிய இடைவெளி 0.36 ஆகிவிட்டது. உங்கள் ஈயக் கம்பி சொன்னதும் அதையேதான். வீலின் முனை பினியனின் பல்லடி வளைவில் உரசுகிறது. அந்தக் கோடு அங்கேதான் விழுந்திருக்கிறது.

பதில் 3

ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். இந்த ஜோடியை இனி லோடில் ஓட்டாதீர்கள். மாட்யூல் 4-க்கு கடினப் படலம் 0.6 முதல் 0.8 மி.மீ. இருக்கும். ஏற்கெனவே ஒரு முறை கிரைண்ட் ஆன பல்லில், இறுக்கத்தைப் போக்க ஒவ்வொரு பக்கமும் இன்னும் கொஞ்சம் போயிருக்கும். அதைவிடப் பெரிய கவலை, கல் நின்ற இடத்தில் பல்லடியில் விழும் படி. பல் முறிவது அங்கேயிருந்துதான் ஆரம்பிக்கும். நகத்தால் தடவிப் பாருங்கள், தட்டுப்படும்.

பதில் 1

நான் தண்டைச் சந்தேகித்தது தவறு. ஒரு சந்தேகம்: 15 டிகிரியையே வைத்துக்கொண்டு, நெகட்டிவ் ஷிஃப்ட் கொடுத்து 165-க்குக் கொண்டுவர முடியாதா?

பதில் 2

முடியும். மொத்த ஷிஃப்ட் கிட்டத்தட்ட மைனஸ் 0.16 வரும். அதை வீலுக்கு மட்டும் கொடுக்க வேண்டும், 19 பல் பினியனில் கொடுத்தால் அடி மெலியும். வெட்டும்போதே செய்திருக்க வேண்டிய வேலை அது, கடினமாக்கிய பல்லில் இனி நடக்காது. எப்படியும் புதிதாகத்தான் செய்யப் போகிறார், மூலக் கோணத்துக்கே போகட்டும். 60 மி.மீ. அகலத்துக்கு அதிலும் ஓவர்லாப் (சாய்வால் ஒரு பல் விடுவதற்குள் அடுத்த பல் சேரும் அளவு) 1.17 வருகிறது, போதும்.

செய்யும்போது புரோட்யூபரன்ஸ் (முனையில் சிறு புடைப்பு) உள்ள ஹாபை (பல் வெட்டும் கருவியை) கேளுங்கள். பல்லடியில் லேசாகக் குடைந்து விடும், அப்புறம் கிரைண்டிங் கல் அங்கே படி விடாது. கேஸ் ஹார்டனிங்கில் ஹெலிக்ஸ் சற்றுப் பிரிந்துகொடுக்கும். முதலில் ஒரு துண்டை மட்டும் ஹார்டன் செய்து லீட் அளந்து, அந்த மாற்றத்தை ஹாபிங்கிலேயே ஈடுகட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் கிரைண்ட் ஆகும். முடிந்ததும் நைட்டல் எட்ச் (அமிலக் கரைசலில் சோதிப்பது) செய்து, கிரைண்டிங் சூட்டில் கருகிய தடம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

கேட்டவர்

புதிய ஜோடி வந்துவிட்டது. கோணம் 14 டிகிரி 8 நிமிடம் 28 வினாடி. கையால் தள்ளினாலே சுற்றியது, பேக்லாஷ் 0.21. ஈயக் கம்பி 0.98. புளூ பதிவு பல்லின் நடு உயரத்தில் விழுகிறது. நேற்று முழு லோடில் ஆறு மணி நேரம் ஓட்டினோம். 456-இல் உச்சம் இன்னும் இருக்கிறது, ஆனால் மோட்டார் விசிறிச் சத்தத்துக்குள் அடங்கிவிட்டது. பழைய பினியனை நகத்தால் தடவிப் பார்த்தேன். படி தட்டுப்பட்டது, 19 பல்லிலும்.