அன்றாட வழக்கத்தை விட்டு விலகியபோது பொறி தட்டிய அனுபவம் உண்டா?

கரைபோடுபவன்:
எனக்கு ஆத்தங்குடிக் கல் பட்டறையில் பொறி தட்டியது. கண்ணாடிமேல் வண்ணச் சாந்தை ஊற்றிக் கையால் செய்யும் தரைக்கல் அது. சேலைக் கரைக்கு டிசைன் போடுவது என் பிழைப்பு. திரையில் அதே அன்னம், அதே மயில்கண். காரைக்குடிப் பக்கம் ஒரு கல்யாணம். பந்திக்கு நேரம் இருந்ததால் பக்கத்துப் பட்டறைக்குள் நுழைந்தேன். பெரியவர் ஒருவர் கண்ணாடிமேல் அச்சை வைத்து, கட்டம் கட்டமாக வண்ணச் சாந்தை ஊற்றிவிட்டு அச்சைத் தூக்கினார். எல்லாம் கலந்துவிடப் போகிறது என்று எனக்குப் பதறியது. கலக்கவில்லை. ஆனால் சிவப்பும் மஞ்சளும் தொடும் இடத்தில் கோடு லேசாக நடுங்கியிருந்தது. “கை வேலை என்றால் அப்படித்தான் தம்பி” என்றார். அந்த நடுக்கத்தைக் கரையில் கொண்டுவர இன்னும் மல்லுக்கட்டுகிறேன். கணினி ஒவ்வொரு முறையும் கோட்டை நேராக்கித் தொலைக்கிறது.

பாதிக்கதை:
எனக்குக் கழுகுமலை. வெட்டுவான் கோயில் 8ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் வேலை. மலையை மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டே வந்து, அடிப்பகுதி முடியாமல் நின்றுபோனது. விமானத்தில் மிருதங்கம் வாசிக்கும் தட்சிணாமூர்த்தியின் விரல்வரை முடித்திருக்கிறார்கள். கீழே வெறும் பாறை. தொடக்கமே பிடிபடாமல் கிடந்த கதையின் கடைசிக் காட்சியை அங்கேயே, பஸ் டிக்கெட்டின் பின்புறத்தில் எழுதினேன். தொடக்கம் இன்னும் வரவில்லை, அது வேறு கதை.

மொட்டைமாடி:
இரண்டு பேருமே வீணாகப் பஸ் செலவு செய்திருக்கிறீர்கள் என்பேன். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஒப்பெஸோ, ஷ்வார்ட்ஸ் இருவரும் செய்த ஆய்வு 2014இல் வெளிவந்தது. வெற்றுச் சுவரைப் பார்த்தபடி நடைப்பொறியில் நடந்தவர்களுக்கும், உட்கார்ந்திருந்தவர்களைவிடப் புதிய யோசனைகள் கூடுதலாக வந்தன. மலையும் வேண்டாம், பட்டறையும் வேண்டாம். நான் கவிதைக்கு மொட்டை மாடியில் நடப்பேன், வந்துவிடும். என் அனுபவம் அவ்வளவுதான். நீங்கள் செய்ய வேண்டியது இதுதான்: கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டுப் போங்கள். வேகமாக நடக்காதீர்கள், மூச்சு வாங்கினால் கவனம் உடம்புக்குப் போய்விடும். தோன்றியதை உடனே திருத்தாதீர்கள். ஒரே விடை உள்ள புதிர்களுக்கு நடை உதவவில்லை என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. ஆகவே வரவுசெலவுக் கணக்கை மாடிக்குக் கொண்டுபோகாதீர்கள். அதற்கு நாற்காலிதான்.

கணக்கு வாத்தியார்:
மொட்டைமாடி ஐயா, நாற்காலிக்கு அவ்வளவு பெருமை வேண்டாம். பிரெஞ்சுக் கணிதமேதை புவான்கரே இரண்டு வாரம் மேசையில் மண்டையை உடைத்துக்கொண்டார். ஓரளவு வழி பிறந்தது. பிறகு நிலவியல் சுற்றுலா போனார். கணக்கை மறந்தே போயிருந்தபோது, கூதான்ஸ் ஊரில் குதிரை வண்டிப் படியில் கால் வைத்த நொடியில் அடுத்த திறப்பு கிடைத்தது. அவரே எழுதி வைத்திருக்கிறார். மேசையும் வேண்டும், வண்டிப் படியும் வேண்டும். ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதைத் திட்டுவானேன்?

மதுரைக்காரி:
சண்டையை நிறுத்துங்கள் அண்ணன்மாரே. மாட்டுத்தாவணியில் அவசரத்தில் ஏறிய பஸ். எனக்கு முன் இருக்கையில் ஒரு அக்கா மல்லிகை கட்டிக்கொண்டு வந்தார். மிருதங்கம் கற்கிறேன், ஒரு கோர்வை, அதாவது கணக்கோடு கட்டி முடிக்கும் தாளச் சொற்கட்டு, எங்கே முடியும் என்று பிடிபடாமல் வெறுத்துப் போயிருந்தேன். அவர் இந்தப் பக்கம் பூ, அந்தப் பக்கம் பூ, ஒரு சுற்று, ஒரு இழுப்பு என்று கட்டினார். கண் ஜன்னலில் இருந்தது. பஸ் குழியில் விழுந்து எழும்போது கை ஒரு கணம் நின்று, அடுத்த இழுப்பைச் சரியாக அதன் இடத்தில் போட்டது. அந்த நிற்றலைக் கோர்வைக்குள் கார்வையாக, அதாவது இடைவெளியாக வைத்தேன், தாளத்தின் முதல் அடியான சமத்தில் வந்து உட்கார்ந்தது. ஆசிரியரிடம் வாசித்துக் காட்டினேன். “எங்கே கேட்டாய்?” என்றார். பூ கட்டும் அக்கா என்று சொல்லத் தயங்கி, “சும்மா தோன்றியது சார்” என்று மழுப்பிவிட்டேன். கரைபோடுபவன் அண்ணா, அந்த நடுங்கிய கோட்டைக் கணினியில் போடாமல் கையால் வரைந்து பார்த்தீர்களா?