மறு: கடலடிச் சேற்றில் நடப்பது மட்குதலா, அழுகுதலா, கனிமமாதலா?

> ‘மினரலைசேஷன்’ என்பதற்குக் ‘கனிமமாக்கம்’ என்று வைத்துவிடலாமே, ஏன் இழுக்கிறீர்கள்?

இழுக்க ஆசையில்லை ஐயா. கடலடிச் சேற்றில் செத்தவை சிதைவது பற்றி நான் தமிழில் மொழிபெயர்க்கும் கட்டுரையில் மூன்றாவது பத்தியிலேயே அந்தச் சொல் காலை வாரிவிட்டது.

டென்மார்க்கின் லிம்ஃபியோர்டு என்ற ஆழமில்லாத கடற்காலின் சேற்றைப் பற்றிய பகுதி அது. செத்த பாசியும் மிதவை உயிரிகளும் அடியில் வந்து விழுகின்றன. சேற்றின் மேல் சில மில்லிமீட்டருக்குள்ளேயே ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. அதற்குக் கீழே நைட்ரேட், மாங்கனீசு, இரும்பு ஆக்சைடு என்று கிடைத்ததைக் கொண்டு பாக்டீரியாக்கள் மூச்சு விடுகின்றன. அதுவும் முடிந்தால் சல்பேட். அதற்குக் கடல்நீரில் பஞ்சமே இல்லை: லிட்டருக்குச் சுமார் 28 மில்லிமோல், கரைந்த ஆக்சிஜனைப் போல் ஏறக்குறைய நூறு மடங்கு. 1977-ல் டேனிஷ் ஆய்வாளர் போ பார்க்கர் யோர்கென்சன் போட்ட கணக்கில், அங்கே சிதையும் கரிமப் பொருளில் ஏறத்தாழப் பாதி சல்பேட் வழியாகத்தான் போகிறது.

கடைசியில் மிஞ்சுவது நீரில் கரைந்த கார்பன் டைஆக்சைடு, அம்மோனியம், பாஸ்பேட். இதைத்தான் மினரலைசேஷன் என்கிறார்கள். எனக்கோ கனிமம் என்றாலே கல்லும் தாதுவும்தான் கண்ணில் நிற்கின்றன. போதாததற்கு, அதே சேற்றில் சல்பேட்டிலிருந்து வரும் சல்பைடு இரும்போடு சேர்ந்து பைரைட் என்ற நிஜக் கனிமமும் உண்டாகிறது.

> பள்ளியில் ‘கனிம வேதியியல்’ படித்தோமே, அதில் வெறும் கல்லா இருந்தது?

இங்கே தோற்றேன் அம்மா. கரிமமாக இருந்தது கனிமமாகிறது, அவ்வளவுதான். ஆனால் ‘ஆக்கம்’ வேண்டாம், தொழிற்சாலை வாடை அடிக்கிறது. ‘கனிமமாதல்’ இருக்கட்டும். பைரைட்டுக்குப் ‘பைரைட் உருவாதல்’ என்று வெளிப்படையாகவே எழுதிவிடுகிறேன்.

> மொத்தத்துக்கும் ‘மட்குதல்’ போதும், விவசாயிக்கும் புரியும்.

விவசாயிதான் ஒத்துக்கொள்ள மாட்டார்! எரு காற்றோட்டத்தில் பொலபொலவென்று உதிர்ந்தால் மக்கிவிட்டது என்பார். தண்ணீர் தேங்கி நாறினால் அழுகிவிட்டது என்பார். கடற்சேறும் அப்படித்தான். மேலே பழுப்பு, கீழே இரும்பு சல்பைடால் கறுப்பு, கிளறினால் அழுகிய முட்டை நாற்றம். ஆங்கிலம் ‘ஏரோபிக்’ (ஆக்சிஜனோடு), ‘அனேரோபிக்’ (ஆக்சிஜன் இல்லாமல்) என்று அடைமொழி போட்டுச் சமாளிப்பதை நாம் இரண்டு வினைகளாகவே வைத்திருக்கிறோம். அதனால் மேலே மட்குதல், கீழே அழுகுதல், பொதுவாகச் சொல்ல ‘சிதைவு’. ‘அழுகுதல்’ கொச்சை என்று ஒருவர் தனிமடலில் வருந்தினார். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

‘நொதித்தல்’ மட்டும் இதற்கு ஆகாது. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் ஒரு பாக்டீரியாக் கூட்டம் பெரிய மூலக்கூறுகளை உடைத்து, நொதிக்கவைத்து, அசிட்டேட்டும் ஹைட்ரஜனும் விடுகிறது. சல்பேட்டைக் கொண்டு மூச்சு விடும் கூட்டம் அதைத்தான் தின்கிறது. நடுவில் வரும் அந்த ஒரு படிக்கே அச்சொல் வேண்டும்.

அப்புறம் ‘பயோடர்பேஷன்’. புழுக்களும் நண்டுகளும் வளை தோண்டிச் சேற்றைப் புரட்டி, ஆக்சிஜனைக் கீழே இறக்கிவிடுவது. ‘உயிர்க்கலக்கல்’ வாயில் நுழையவில்லை. ‘புழுக்கிளறல்’ என்றால் நண்டு கோபித்துக்கொள்ளும். இப்போதைக்கு ‘உயிருழவு’ என்று எழுதி வைத்திருக்கிறேன். சரிப்படாது என்றால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள், அன்றைக்குக் கட்டுரையை அனுப்பியாக வேண்டும்.