பல் கூச்சத்துக்கு எந்த பேஸ்ட்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்களேன்

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு மாதமாக இடது பக்கக் கீழ்ப்பல்லில் கூச்சம். குளிர்ந்த தண்ணீர் பட்டாலே சுரீர் என்கிறது. சொத்தை இல்லையாம், அழுத்தித் தேய்த்துத் தேய்த்து ஈறு இறங்கி, வேர்ப்பகுதி வெளியே தெரிகிறது என்றார் பல் மருத்துவர். என் பழைய பிரஷைப் பார்த்தாலே தெரியும், நார்களெல்லாம் இரு பக்கமும் விரிந்து படுத்துக் கிடக்கும். இப்போது மென்மையான பிரஷ் வாங்கி, விரல் நுனியில் பிடித்து 2 நிமிடம் தேய்க்கிறேன். ஆனாலும் பழக்கதோஷத்தில் கை அழுத்திவிடுகிறது. நீங்கள் எப்படி மாற்றிக்கொண்டீர்கள்?

அடுத்தது பேஸ்ட். 5% பொட்டாசியம் நைட்ரேட் உள்ளதை 10 நாளாகப் போடுகிறேன். அது நரம்பைத் தணிக்கச் சில வாரம் ஆகும், தெரியும். உங்களுக்கு எத்தனை நாளில் குறைந்தது? நுண்துளைகளை அடைக்கும் ஸ்டானஸ் ஃப்ளோரைடு பேஸ்டுக்கு மாறிப் பலன் கண்டவர்கள் உண்டா? வெண்மையாக்கும் பேஸ்ட் மட்டும் வேண்டாம், ப்ளீஸ்.